அப்பாவின் பத்து நிமிஷம்

கழக்கூட்டம்,
வியாழன் காலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டுவலி இப்போது தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நல்ல சுகம். போனில் நன்றி சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கம்பெனியில் பிள்ளைகளுக்காகச் செய்யும் வீடியோ கேம், ஒரு மணி நேரம் ஆனதும் பட்டென்று அணைந்துவிடும். கட்டுப்பாடு வேண்டியதுதான், ஆனால் பாதி ஆட்டத்தில் அணைப்பது அநியாயம் என்று மீட்டிங்கில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பயப்படாதீர்கள், வேலை பத்திரமாக இருக்கிறது. சின்ன வயதில் நான் கேம் ஆடும்போது, கம்ப்யூட்டரை அணைக்கும் முன்னால் நீங்கள் வந்து, "ஏட்டி, இன்னும் பத்து நிமிசந்தான், சேவ் பண்ணிக்கோ" என்பீர்களே, அதைத்தான் சொன்னேன்.

எங்கள் டீம் லீட் மஹேஷ், திருவனந்தபுரம் கரமனைக்காரர், "கொள்ளாமே, நல்லாயிருக்கே! உங்கப்பாவை இங்க வேலைக்கு எடுக்கலாம், கேட்டியா" என்றார். இனி கேமில் அந்தப் பத்து நிமிஷம் உண்டு. நன்றி, அப்பா.

நேற்று அதை டெஸ்ட் செய்துகொண்டே இருந்ததில் ஹாஸ்டலில் சாப்பாடு தீர்ந்துவிட்டது. பழம் சாப்பிட்டேன். பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. அந்த "இன்னும் பத்து நிமிசந்தான்" என்பதை உங்கள் குரலில் பேசி வாட்ஸப்பில் போடுங்கள். கேமுக்கு இல்லை, எனக்கு. இங்கே என்னிடம் "போதும், எழுந்திரி" என்று சொல்ல ஆளில்லை.

இசக்கிசெல்வி