மேகம் என்று எழுதினேன்

வடபாறை வழிகாட்டு நிலையம்

நாள் 412. காலை 6:10
மின்கலம் 91 விழுக்காடு. வழிக்குறி சீர். கடலில் மூழ்கிய நகரத்தின் மொட்டைமாடிகளில் மோதாமல் படகுகள் இந்தக் குறியைக் கேட்டுத்தான் வருகின்றன. நிலையக் காவலராக இருந்த என் கணவர் போய் இன்றோடு ஓராண்டு. அவர் கையேடுகளைப் படித்துப் படித்து இயந்திரத்தை நான் ஓட்டுகிறேன். திதிச் சோறு வைத்தேன். இந்தப் பாறையில் காக்கை ஏது? வெள்ளைக் கடற்பறவை ஒன்று வந்து எடுத்தது. அவர்தான்.

நாள் 431. காலை 6:15
மின்கலம் 58. தினமும் முதல் பிடி வைக்கிறேன். இப்போது ஆயிரம் பறவைகள். பாறையே பூத்தது போலிருக்கிறது, தனிமை தெரியவில்லை. சூரியத் தகடுகளை எச்சம் மூடிவிட்டது. பறவை விரட்டும் ஊதியை அணைத்து வைத்திருக்கிறேன். இத்தனையில் எது அவர் என்று எப்படித் தெரியும்? கரைக்கு அனுப்பிய அறிக்கையில் மின்கலம் இறங்கியதற்குக் காரணம்: மேகம்.

நாள் 438. மதியம் 12:40
மின்கலம் 19. சரக்குப் படகோட்டி கிளமென்ட் அழைத்தான்.
"என்னக்கா, இங்க வானம் கழுவி வச்ச மாரி கெடக்கு. ஒங்க பாறைக்கு மட்டும் தனி மழைக்காலமோ?"
ஒரு திட்டு நிற்கிறது, கலைந்தால் சரியாகிவிடும் என்றேன். சிரிக்கவும் செய்தேன். நாளை மனைவி, கைக்குழந்தையோடு வருகிறானாம்.
"பிள்ளைக்கு நீங்கதான் பேரு வைக்கணும், ஆமா."
முருகா, இந்த நாக்கு எப்போது இப்படிப் பழகியது?

நாள் 439. காலை 9:05
மின்கலம் 4. விடிந்ததிலிருந்து தோசைத் திருப்பியால் தகடுகளைச் சுரண்டுகிறேன். எச்சம் சுண்ணாம்பாய் இறுகிவிட்டது. ஊதியை அழுத்தினேன். முனகிவிட்டு அடங்கியது.

காலை 10:20
வழிக்குறி நின்றது. பேசும் கருவி செத்தது. கேட்கும் கருவிக்கு மட்டும் உயிர் இருக்கிறது. இதைக் கண்டெடுப்பவருக்கு: ஒரு நாளும் மேகம் இல்லை. மேகம் என்று எழுதியது நான். கிளமென்டிடம் சொல்ல இனி வழியில்லை.

10:50
உச்சியில் இருக்கிறேன். படகு தெரிகிறது. அவன் தன் கருவியை அணைக்கவில்லை; என் இடுப்பில் செருகிய கருவியில், மனைவியிடம் பேசும் அவன் குரல்:
"பாறைக்கு மேல மேகமே இல்ல பாத்தியா? இப்ப குறி வந்துரும்."

10:56
கூறைச்சேலையை வீசினேன். திரும்பிப் போ, போ என்று கத்தினேன். பறவைகளின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. கருவியில்:
"அந்தா, யக்கா சேலைய வீசிக் கூப்பிடுதாவ! பிள்ளையத் தூக்கிக் காட்டுட்டி."
காட்டுகிறாள். படகு வேகமெடுக்கிறது. நேராக