அப்பாவுக்குப் பிடிபடாத தாளம்

என் குஞ்சுக்கு,

கையோவின் இசை ஆல்பம் வந்து சேர்ந்தது. பிரேசில் மேளத்தையும் ஜாஸையும் கலந்தால் இப்படியா இருக்கும், பிள்ளை? எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பா அதைத் தொடவில்லை. நீங்கள் இரண்டு பேரும் கல்யாணம் முடிக்கப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து அவன் பெயரையே அவர் எடுப்பதில்லைதானே.

நேற்று செவன் கிங்ஸ் பக்கம் கடைக்குப் போகையில் காரில் நான்தான் போட்டுவிட்டேன். மூன்றாவது பாட்டில் மேளம் பியானோவோடு சண்டை பிடிக்கும் இடத்தில் அப்பாவின் கை தொடையில் தாளம் போடத் தொடங்கியது. தாளம் தவறியது. திரும்பப் போடச் சொன்னார். திரும்பவும் பிழைத்தது. ஊர்க் கச்சேரியெல்லாம் முன்வரிசையில் இருந்து தாளம் போட்டு வித்துவான்களுக்கே பிழை பிடிக்கிற மனுஷன், பச்சை விளக்கு விழுந்தும் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"இந்தப் பெடியன் எங்க தொடங்கி எங்க முடிக்கிறான்?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? அவனைத்தான் கேக்கவேணும்."

வீடு வரும்வரை அந்தப் பாட்டையே போட்டுக் கேட்டார். இறங்கும்போது, "உந்தத் தாளத்தைப் பற்றிப் போனில கேக்கேலாது. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரையும் வரச்சொல்லும்" என்றார்.

இன்று காலையில் குசினிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஞாயிறு கறிக்குத் தூளைக் குறைச்சுப் போடும். கையோவுக்கு உறைக்கும்."

நேரத்தோடு வாங்கோ.

அம்மா