அந்தோணி மாட்டிய பெட்டி

ஆம்பூர்,
புதன்கிழமை.

அன்புள்ள தம்பி அந்தோணிக்கு,

உன் அண்ணி எழிலரசி எழுதுவது. மஸ்கட்டில் நீ சுகமாக இருப்பதாகவும், வெல்டிங் யார்டில் உன்னை ஃபோர்மேன் ஆக்கியிருப்பதாகவும் தெரிந்துகொண்டேன். யாரும் வந்து சொல்லவில்லை. உன் அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நீ அங்கே தும்மினால்கூட இங்கே தெருவுக்குக் கேட்கிறது.

என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருப்பதால்தான் இந்தக் கடிதம். பக்கத்து வீட்டு அன்வரி பேகம் அக்காவின் மகன் முனீர் அகமது லீவு முடிந்து நாளை விமானம் ஏறுகிறான். உன் பக்கத்து ரூம்தானாமே. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு இதை உன்னிடமே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா வரும். உனக்குப் பிடிக்கும் என்று உன் அண்ணன்தான் வாங்கச் சொன்னார். நானாக இருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

உன் அண்ணன் தேவசகாயம் எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். வலது கை இருக்கிறது, அவ்வளவுதான். விரல்கள் மடங்குவதில்லை. ஷூ கம்பெனியில் கட்டிங் கத்தி பிடித்த கை அது. இப்போது சட்டைப் பட்டனை நான் போட்டுவிடுகிறேன். அதைக்கூட அவர் தாங்கிக்கொள்கிறார். ஆனால் பூசையில் வாசகம் வாசிக்கப் போவதை நிறுத்திவிட்டார். கோயில் வாசலில் எவனோ மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தானாம். அன்றிலிருந்து பின்கட்டு அறையை விட்டு வெளியே வருவதில்லை. வாழ்நாளில் ஒரு சொட்டு சாராயம் தொடாத மனுஷன், குடிகாரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவன் நீ.

ஜீப்புக்குப் பின்னால் கோத்து இழுக்கிற ஒரு சின்ன கேரவன் கட்டி, சுற்றுலா போகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விட வேண்டும் என்று அவர் எத்தனை வருஷம் ஆசைப்பட்டார். இரண்டு பேர் படுக்கலாம். சமையல் சாமான் எல்லாம் வெளியே, பின்சுவரில் மாட்டுகிற இரும்புப் பெட்டியில். அந்தப் பெட்டி வேலையை உன்னை நம்பித்தான் கொடுத்தார். நீ மாட்டும்போது நானும் பக்கத்தில் நின்றேன். “அடில சேஸிஸ்லேர்ந்து இரும்புக் கை குடுடா, பாரத்தை அது தாங்கட்டும். நடுவுல ரப்பர் வை” என்று அவர் கெஞ்சினார். நீ கேட்டாயா? “நம்ம ஊர்ல தோலுக்கா பஞ்சம்? சும்மா பேஜார் பண்ணாதண்ணே” என்று சிரித்தாய். கம்பெனி வாசலில் கொட்டிக் கிடக்கிற தோல் துண்டைப் பொறுக்கி வந்து இடையில் திணித்து, வெறும் தகட்டில் குட்டை ஸ்குரூவை முறுக்கிவிட்டு டீ குடிக்கப் போனாய்.

ஐப்பசி மழையில் வண்டி வெளியிலேயே நின்றது. தோல் தண்ணீரைக் குடித்து உப்பியது, வெயிலில் காய்ந்து சுருங்கியது, மறுபடி நனைந்து அழுகியது. ஸ்குரூ எல்லாம் துருவேறித் தொளதொளவென்று நின்றது. அதற்குப் பிறகுதான் நீங்கள் இரண்டு பேரும் ஏலகிரி மலைக்கு ஓட்டிப் பார்க்கப் போனீர்கள். நீ ஓட்டினாய். வளைவில் ஜீப் நின்றுபோனது. கேரவன் சக்கரத்துக்குக் கல் வைக்க அவர் இறங்கி, பின்னால் பெட்டிக்குக் கீழே குனிந்தார். நீ கிளட்சை விட்ட குலுக்கலில் பெட்டி உள்ளே இருந்த கேஸ் சிலிண்டரோடு பிய்த்துக்கொண்டு அவர் கைமேல் விழுந்தது.

அன்று சாயங்காலமே உன் அம்மாவுக்குப் போன் செய்தாய். “அண்ணன் தண்ணி போட்டிருந்தாரு. ஜாஸ்தி பாரம் ஏத்தாதன்னேன், கேக்கல. என் வேலைல இன்னா தப்பு?” ஸ்பீக்கரில் தெருவே கேட்டது. மறுநாள் கம்பெனிக்குத் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தெரிந்தது. அங்கே இருந்தவன் நீ ஒருவன்தான், அதனால் எல்லோரும் நம்பினார்கள். நான் வீடு வீடாகப் போய் இல்லை என்று சொன்னேன். பெண்டாட்டி வேறு என்ன சொல்வாள் என்றார்கள். அவர் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புவதற்குள் நீ மஸ்கட்டுக்குக் கம்பி நீட்டிவிட்டாய்.

போகட்டும். இப்போது நல்ல செய்தி சொல்கிறேன். கேரவனைப் பழுது பார்த்தாயிற்று. பெட்டியும் மாட்டியாயிற்று. நீ மாட்டிய அதே இடம், வெறும் தகட்டில் அதே குட்டை ஸ்குரூ, இடையில் அதே தோல். பழைய துண்டு ஒன்றை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன், முகர்ந்து பார். அதன்மேல் இன்றைக்கு நல்ல மழை வேறு.

முதல் சவாரி வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு. போகிறவர்கள் உன் அம்மாவும் உன் மகள் கிறிஸ்டினாவும்தான். தாயில்லாத பெண் நர்சிங் முடித்துவிட்டாளே, உன் அம்மாவின் நேர்த்திக்கடன். வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலில் ஜெபம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். உன் அம்மாவுக்குக் குனிந்து நிமிர முடியாது. வழியில் நிறுத்துகிற இடத்தில் எல்லாம், அடுப்பெடுக்கப் பெட்டிக்குக் கீழே போய் நிற்கப் போகிறவள் கிறிஸ்டினா.

நீ பயப்பட ஒன்றுமில்லை. உன் வேலையில் தப்பே கிடையாது, குடிகாரன் பாரம் ஏற்றியதால்தான் விழுந்தது என்று நீயே சொல்லியிருக்கிறாய். உன் மகள் குடிக்கிறவளா என்ன?

பிள்ளை நல்லபடியாகப் போய் வர மாதாவிடம் வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
எழிலரசி.


ஆம்பூர்,
திங்கட்கிழமை.

அந்தோணிக்கு,

இந்த முறை ‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. நீ எனக்கு விடாமல் போன் செய்கிறாய் என்று முனீர் அவன் அம்மாவிடம் சொன்னானாம். கிடைக்காது. இப்போது நான் உன்னை பிளாக் செய்திருக்கிறேன். அதனால் இது கூரியரில் வருகிறது.

முதலில் உன் வயிற்றில் பாலை வார்த்துவிடுகிறேன். எல்லோரும் வேளாங்கண்ணி போய், தேர் பார்த்து, பத்திரமாகத் திரும்பிவிட்டோம். உன் மகள் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

நான் எழுதியது பொய். பெட்டியை உன்னைப் போல மாட்ட எனக்கென்ன பைத்தியமா? வேலூரிலிருந்து ஆள் வரவழைத்து, உன் அண்ணன் சொல்லச் சொல்ல மாட்டியது. அடியில் சேஸிஸோடு வெல்டிங் செய்த இரண்டு இரும்புக் கைகள். சுவரை ஊடுருவிப் போகிற போல்ட்டு, உள்பக்கம் அகலமான இரும்புப் பட்டை, கழலாத நட்டு, இடையில் ரப்பர். மூடிக்குத் தனியாகக் கொக்கி, பூட்டு. அத்தனையும் முடிந்த பிறகு நானே பெட்டிமேல் ஏறிக் குதித்தேன். என் உடம்பு உனக்குத் தெரியும். வண்டிதான் ஆடியது, பெட்டி ஆடவில்லை.

இதெல்லாம் உன் அம்மாவுக்கோ கிறிஸ்டினாவுக்கோ தெரியாது. உனக்கு நான் எழுதியது உன் அண்ணனுக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானமே உன் அம்மாவை வரவழைத்து, சாப்பாடு போட்டு, எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டேன். ஃபாதர் வந்தார். கோயில் ஆட்கள் வந்தார்கள். கட்டிங் செக்ஷன் ஆட்களை நானே வலியப் போய் அழைத்திருந்தேன். மூக்கைப் பொத்திச் சிரித்தவனும் வந்து முன்னால் நின்றான். எனக்கு ஜெபத்தில் புத்தி போகவில்லை. உன் அம்மா மடியில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபாதர் தீர்த்தம் தெளிக்கக் கையைத் தூக்கும்போது போன் அடித்தது. மகன் போன் என்றால் உன் அம்மா பூசையிலேயே எடுப்பாரே. ஸ்பீக்கரில் நீ அலறினாய். “யம்மா, ஏறாத! கிறிஸ்டினாவ அந்தப் பெட்டிகிட்ட போவ வுடாத! அது நிக்காதும்மா! வெறும் தகட்டுல தோலு வச்சி அடிச்சது, புட்டுக்கும்! அண்ணன் கைமேல வுழுந்ததும் அப்டித்தான்!”

உன் அம்மா புரியாமல் கத்திக் கேட்டார்: “அவன் குடிச்சிட்டு பாரம் ஏத்துனான்னு சொன்னியேடா?”

“குடிக்கலம்மா, தொடவே இல்ல! நான்தான் பயந்துபோய் சொல்லிட்டேன். உன் கால்ல வுழறேன், பொண்ண எறக்கும்மா!”

ஃபாதர் தூக்கிய கையை இறக்கவில்லை. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? குளிர்ந்தது. நெஞ்சு, வயிறு, உள்ளங்கால் வரை குளிர்ந்தது. அத்தனை முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எவனும் என் கண்ணைப் பார்க்கவில்லை. நீ “அலோ, அலோ” என்று அழுதுகொண்டே இருந்தாய். இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

கிறிஸ்டினாதான் பாட்டியின் மடியிலிருந்து போனை எடுத்துக் கட் செய்தாள்.

சத்தம் கேட்டு உன் அண்ணன் பின்கட்டிலிருந்து வெளியே வந்தார். என்னை மெச்சுவார் என்று நினைத்தேன். நான் எழுதியதைச் சொன்னதும், அத்தனை பேர் முன்னால் என்னைத்தான் திட்டினார். “ஒரு பொண்ண வச்சி இன்னா வெளையாட்டு இது? தாயில்லாத கொழந்தடீ.” அப்புறம் கிறிஸ்டினாவைப் பின்பக்கம் அழைத்துப்போய், ஒவ்வொரு போல்ட்டையும் இடது கையால் தொட்டுக் காட்டினார். பெட்டியைப் பிடித்துத் தொங்கிப் பார்க்கச் சொன்னார். அவள் தொங்கினாள். “இப்ப பயம் போச்சா?” என்று கேட்டார். அவள் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளே, அதை மட்டும் என்னால் நின்று பார்க்க முடியவில்லை. உள்ளே போய்விட்டேன்.

அவள் உன் போனை எடுப்பதில்லை என்று உன் அம்மா புலம்புகிறார். அதற்கு நான் காரணமில்லை என்று சொல்ல மாட்டேன். நான்தான் காரணம். இங்கே ஒருத்தர் ஒரு வருஷமாக யாருடனும் பேசாமல் கிடந்தார். உனக்கும் கொஞ்சம் தெரியட்டும்.

அன்று உன் அண்ணனே ஜீப்பின் முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நானும் ஏறினேன். திருவண்ணாமலை தாண்டியதும் பாடத் தொடங்கிவிட்டார். நேற்று ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஊர் வந்து சேர்ந்ததும் கோயிலுக்குப் போய் வாசகம் வாசித்தார். மூக்கைப் பொத்தியவன் பூசை முடிந்ததும் வந்து காலில் விழப் பார்த்தான். அவர் தூக்கிவிட்டார். நானாக இருந்தால் விழ விட்டிருப்பேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். அது அவருடைய செய்தி.

என்னுடையது வேறு. லீவு கிடைத்ததும் வா. மஸ்கட்டிலிருந்து ஸ்பீக்கரில் அலறியது எனக்குப் போதாது. எங்கள் வாசலில், தெருவைப் பார்த்து நின்று, மடங்காத அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொல். கவரில் வைத்திருந்த தோல் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதே, அதையும் எடுத்து வா.

வேளாங்கண்ணியில் உன் அண்ணன் உன் பெயருக்கு மெழுகுவத்தி ஏற்றினார். நான் ஏற்றவில்லை. ஆனால் மாதாவிடம் உனக்காக ஒன்று கேட்டேன். உனக்கு நீண்ட ஆயுசு தரச் சொல்லிக் கேட்டேன். எனக்கு மன்னிக்க ரொம்ப நாள் ஆகும், தம்பி. அதுவரை நோய்நொடி இல்லாமல் நீ இருக்க வேண்டும்.

எழிலரசி.