பதிலாளர் ஏழு போட்ட கையெழுத்து

அக்டோபர் 4, சனி

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவேன் வருவேன் என்று மிரட்டிவிட்டு ஆந்திரா பக்கம் போய்விட்டது. மோட்டார் மறுபடி மக்கர்.

செய்ய வேண்டியவை:
– விடைத்தாள், இன்னும் ஒரு கட்டு
– இட்லி மாவு
– டெல்லிக் கருத்தரங்கு உரை (திங்கள் 13, காலை 11. ஆன்லைன்தான். இடுப்புக்கு மேலே ஒழுங்காக இருந்தால் போதும்)
– பழவேற்காடு. கட்டுரைப் பிரதியைக் கன்னியம்மாவிடம் கொடுக்க

கடைசி வேலை எட்டு மாதமாகப் பட்டியலில். மாவு எப்படியோ அரைத்தாகிவிடுகிறது, இது மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும். நாளை போயே தீருவது.

உரையின் முதல் பத்தி முடிந்தது: "வளைகுடாவில் ஒரு முதலாளியின் படகில் வேலைக்குப் போன மூன்று தமிழக மீனவர்கள், பக்கத்து நாட்டுக் கடல் எல்லையைத் தாண்டியதாகச் சிறைப்பட்டார்கள். அரசுகள் படகைப் பற்றிப் பேசின, எல்லைக் கோட்டைப் பற்றிப் பேசின. அந்த மூவரின் மனைவிகளிடம் யாரும் பேசவில்லை. பன்னாட்டு உறவுகள் என்ற நம் படிப்பும் பேசவில்லை."

படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. பெண்ணியவாதிகள் நாங்கள் இந்தத் துறைக்குள் வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. பெரிய தலைகள் இன்னும் போர்க்கப்பலைத்தான் எண்ணுகிறார்கள். "அதெல்லாம் சமூகவியல் மேடம்" என்று போன வருடம் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். 13-ஆம் தேதி அவரும் கேட்பார். கேட்கட்டும்.

அந்த மூன்று மனைவிகளில் ஒருவர் கன்னியம்மா. கட்டுரையில் 'பதிலாளர் 7'. பெயர் போடக் கூடாது, ஆய்வு நெறி.

அக்டோபர் 5, ஞாயிறு

ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். திருப்பாலைவனத்தில் கால் மணி நேரம் நின்றது, டிரைவருக்கு டீ. பிறகு ஏரியைத் தாண்டிக் கடலோரக் குப்பம். வாழைப்பழம் ஒரு சீப்பு. மகள் ரேவதிக்கு (பிளஸ் டூ) பேனா. அவள் டியூஷன் போயிருந்தாள்.

கன்னியம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்தார்.

"வாங்க டீச்சரு. பதிலு வந்துடுச்சா?"

எந்தப் பதில் என்று புரியவில்லை. கட்டுரையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து எடுத்து நீட்டினேன். இங்கிலீஷ், இருபத்திரண்டு பக்கம். கையைத் துடைத்துவிட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இதுல எங்க போட்டுகீது, அவர வுடுறாங்கன்னு?"

அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் பேட்டிக்கு வந்தபோது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினேன். சம்மதப் படிவம். மேலே கல்லூரி முத்திரை, கீழே தேதி, சாட்சி. தமிழில் படிவம் போட்ட ஒரே ஆள் நான்தான் என்று துறையில் பீற்றிக்கொண்டது வேறு. கன்னியம்மா அதை மனு என்று நினைத்திருக்கிறார். கணவர் ஏழுமலையை விடுவிக்கச் சொல்லும் மனு.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் போன பிறகு ஊரிலேயே ஒரு மனு எழுதி மூன்று வீட்டுக்கும் கொண்டு வந்திருக்கிறார்கள். வீட்டுக்காரி கையெழுத்து, பாஸ்போர்ட் நகல், ரேஷன் கார்டு நகல். மற்ற இரண்டு மனைவிகளும் போட்டார்கள். இவர் போடவில்லை.

"நான் டீச்சரு கையில குடுத்துட்டேன்னு சொல்ட்டேன். ரெண்டு எடத்துல வெச்சா உங்களுக்கு இன்னா மரியாத?"

அந்தக் குப்பத்தில் அது சட்டம் மாதிரி. பிராதை ஒரு வாசலில் வைத்துவிட்டால் பதில் வரும்வரை இன்னொரு வாசல் மிதிக்கக் கூடாது. பஞ்சாயத்தில் வைத்துவிட்டு போலீசுக்குப் போனால் அபராதம், பேச்சுவார்த்தை கட். எனக்குத் தெரியாததா? நானே எழுதியிருக்கிறேன், அடிக்குறிப்பு 14.

மற்ற இரண்டு மீனவர்களும் பங்குனியில் வீடு வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அஞ்சலையின் கணவர் அவர்களில் ஒருவர். வெளியே வலையை உதறிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் எந்த முகத்தோடு திருப்பிக் கும்பிட்டேனோ.

சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அந்த நிமிடமே. "விசாரிச்சுச் சொல்றேன்க்கா" என்றேன். இறால் குழம்பும் சோறும் போட்டார். சாப்பிட்டேன். கட்டுரையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். நான் பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

தூறல். மாவு புளித்துவிட்டது.

பழைய பேட்டியின் ஒலிப்பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். ஐம்பத்து மூன்று நிமிடம். படிவத்தை நான் படிக்கும் வேகம்! கல்யாணத்தில் ஐயர் மந்திரம் சொல்கிற மாதிரி ஓட்டியிருக்கிறேன். ஏன் ஓட்டினேன் என்றும் தெரியும். பொன்னேரிக்குக் கடைசி பஸ்.

முடிவில் கன்னியம்மாவின் குரல். "இத்த எங்க குடுப்பீங்கோ டீச்சரு?"

என் குரல், சிரிப்போடு: "இது டெல்லி வரைக்கும் போகும்க்கா."

பொய் இல்லை. 13-ஆம் தேதி போகத்தான் போகிறது.

மூன்று முறை கேட்டேன். அவராக எதையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. நான் சொன்னதை நம்பினார், அவ்வளவுதான். இந்தப் பகுதியைக் கட்டுரைக்காக எழுத்தில் பெயர்த்தபோது "தேவையற்ற உரையாடல்" என்று வெட்டியதும் நான்தான். வெட்கமாக இருக்கிறது. அழுகை வரவில்லை, வந்திருந்தால் கொஞ்சம் தேவலை.

அக்டோபர் 9, வியாழன்

விடைத்தாள் முடிந்தது. ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: "பெண்கள் குரல் அரசு ஆவணங்களில் தானாகக் காணாமல் போவதில்லை, யாரோ ஒருவர் விட்டுவிடுகிறார்." வகுப்பில் நான் சொன்னதுதான். முழு மதிப்பெண் போட்டேன். பேனா கொஞ்ச நேரம் அந்த வரியிலேயே நின்றது.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனில் விசாரித்தேன். இன்னும் மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸில் கொடுத்தால் மேலே அனுப்புவார்கள். மற்ற இருவர் வந்ததே மனுவால்தானா என்று கேட்டேன். "அது யாருக்குத் தெரியும்? ஆனா லிஸ்ட்ல பேரு இருக்கணும் இல்ல?" என்றார். ஒரு விஷயம் மறக்கக் கூடாது: ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்கு ஒரு பத்தி எழுத வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

மழை விட்டு விட்டு. ஏரி கலங்கல்.

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை. வேண்டியிருக்கவில்லை. வாசலில் ரேவதி, கையில் என் கட்டுரை. செல்போனில் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்துத் தமிழில் மாற்றிப் படித்திருக்கிறாள். நான்கு நாள் ஆனதாம்.

"ஏழாம் நம்பரு எங்கம்மாதானே மிஸ்?"

"ஆமாம்மா."

"அம்மா சொன்னது எல்லாம் கரெக்டா போட்டுகீறீங்க. அழுதது, ஆஸ்பத்திரிக்குப் போனது, கூடை தூக்குனது. நைனா பேரு மட்டும் ஒரு எடத்துலயும் இல்ல."

ஆய்வு நெறி என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன். பெயரை மறைத்தால் அவர்களுக்குப் பாதுகாப்பு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பெயர் ஊரார் எழுதிய அந்த ஒரு மனுவில் இருந்திருந்தால் போதும்.

கன்னியம்மா உள்ளே உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவில்லை. சொன்னேன், எல்லாவற்றையும். படிவத்தை ஓட்டியது, டெல்லி என்று சிரித்தது, போன வாரம் தெரிந்தும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனது. தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருசம் டீச்சரு." அப்புறம், "ஜெயில்லேருந்து ரெண்டு நிமிசம்தான் பேச வுடுவாங்கோ. அதுல ஒவ்வொரு தபாவும் கேப்பாரு, மனு குடுத்தியான்னு. குடுத்துட்டேன், டீச்சரு பாத்துக்கறாங்கன்னு நானு."

மன்னிப்புக் கேட்டேன். அதற்கு ஒரு பதில் வரும் என்று நான் எதிர்பார்த்ததும் தப்பு.

"போன வாரம் சோறு போட்டேனே, அப்பவே சொல்லியிருந்தா ஒரு திங்கக்கெழம மிச்சம்" என்றார். அது சுட்டது. பிறகு மகளைப் பார்த்து, "அந்த பாஸ்போட்டு ஜெராக்ஸ எடு. நாளைக்குத் திங்கதானே" என்றார்.

துறைத் தலைவருக்குச் செய்தி: காய்ச்சல், நாளை உரை முடியாது. இதுவும் பொய். "அடடா, ரெஸ்ட் எடுங்க, பதிவு பண்ணியாவது அனுப்பலாமே" என்றார்.

அக்டோபர் 13, திங்கள்

திருவள்ளூர். வெயில். ஒன்பதுக்கே கூட்டம். நான், கன்னியம்மா, பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ரேவதி. பஸ்ஸில் நான் டிக்கெட் எடுக்கப் போனேன், ரேவதி முந்திக்கொண்டாள்.

வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதுகிற பெரியவர். அவரிடம் ஓரமாக இடம் கேட்டு நானே எழுதினேன். ஏழுமலை, த/பெ முனுசாமி, குப்பம், பாஸ்போர்ட் எண். தாமதத்துக்கான பத்தியில்: "நேர்காணலுக்கு வந்த கல்லூரி ஆசிரியை சரியாக விளக்காததால், அவரிடம் கொடுத்ததையே மனு என்று நம்பியிருந்தேன்."

பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். "இத்த போட்டா, யாரு அந்த ஆசிரியை, கூப்டு, விசாரின்னு ஃபைலு வேற பக்கம் பூடும்மா. எல்லாரும் எழுதறத எழுது. 'எனது அறியாமையால் காலதாமதம் ஏற்பட்டது.'"

"அறியாமை இவங்களோடது இல்லைங்க" என்றேன்.

"யாருதா இருந்தா இன்னா?" என்றார் கன்னியம்மா. பெரியவரைப் பார்த்து, "எது போட்டா சீக்கிரம் போவும்?"

"இதான்மா."

"அப்ப அதையே எழுதுங்க டீச்சரு."

வேறு தாள் வாங்கி முதலிலிருந்து எழுதினேன். 'எனது அறியாமையால்.' என் கையெழுத்தில், கன்னியம்மா சொல்வதாக. பிறகு படித்துக் காட்டினேன். மெதுவாக, ஒரு வார்த்தை விடாமல். மணி பதினொன்று தாண்டியிருந்தது.

கன்னியம்மா கையெழுத்துப் போடக் குனிந்தவர் நிமிர்ந்தார்.

"இது மனுதானே டீச்சரு?"

"மனுதான்க்கா."

தாளை ரேவதியிடம் கொடுத்தார். அவள் மேலிருந்து கீழே ஒருமுறை படித்துவிட்டுத் தலையாட்டினாள். அதன் பிறகுதான் என் கையிலிருந்து பேனாவை வாங்கினார்.