ஒன்பது பாடல்களின் வரிசை

டிசம்பர் 3, புதன்

பள்ளி ஆண்டு மலரில் எனக்கு ஒரு பக்கம்! மெட்டில்டா மிஸ் சொல்லிவிட்டார். ‘இந்த ஆண்டு நான் கேட்ட ஆல்பங்கள்’ என்று எழுத வேண்டும். பதினொன்றாம் வகுப்பிலிருந்து என் கட்டுரை மட்டும்தான்.

அந்த மகிழ்ச்சி அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. வகுப்பில் சொன்னதும் இந்துமதி, “யாரு கல்யாண ஆல்பம்ளா?” என்றாள். ஆல்பம் என்றால் ஒரு நாவல் மாதிரி, பாடல்கள் அத்தியாயம் அத்தியாயமாக ஒரு வரிசையில் வரும் என்று விளக்கினேன்.

“அதுல சினிமாப் பாட்டு எத்தன?”

“ஒண்ணுகூட இல்ல.”

“பெறகு யாருளா படிப்பா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் அந்தப் பயம்தான்.

டிசம்பர் 4, வியாழன்

பத்து ஆல்பங்கள் எழுதிக் கொடுத்தேன். ஐந்து போதும் என்று மிஸ் திருப்பித் தந்துவிட்டார். கோலாலம்பூர் ராப் பாடகரின் பெயரை மிஸ் அடித்துவிட்டார், “கோவமா பேசுறாரும்மா.” கோவைப் பையன்களின் ‘மூன்றாம் பிளாட்பாரம்’ ஆல்பமும் போயிற்று. நாகசுரமும் பேஸ் கிதாரும் வாசிக்கும் அண்ணன் தம்பி தப்பித்தார்கள், நாகசுரம் பண்பாடாம்!

நல்லவேளை, முதலிடத்தில் கை வைக்கவில்லை.

டிசம்பர் 6, சனி

முதலிடம் மட்டக்களப்பு நிலாந்தினியின் ‘வாசல்’. பெரியப்பா மகன் கிளாட்வின் அண்ணன் சென்னையிலிருந்து ஜூன் மாதம் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்தான். ஒன்பது பாடல்கள், ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லியே தொடங்கும். அதைச் செருகிக் கேட்கும் எங்கள் வீட்டு ஸ்பீக்கரில் திரை கிடையாது, ஒரு நீல விளக்கு மட்டும் மின்னும். அப்பா துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவார், அதனால் சத்தத்தை இரண்டுக்கு மேல் வைக்க முடியாது. ஸ்பீக்கரைத் தலையணை மாதிரி காதோடு ஒட்டி வைத்து இந்த ஆல்பத்தை நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். எந்தப் பாட்டுக்குப் பின் எது என்று தூக்கத்திலும் சொல்வேன்.

இன்று அதற்கான பத்தியை எழுதி முடித்தேன்: “அடைமழையில் விளையாடும் சிறுமியாகத் தொடங்குகிறாள். கதவு, சாவி என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டு, கடைசியில் மூட்டையோடு வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். இந்த வரிசையில்தான் நிலாந்தினியின் மேதைமை இருக்கிறது.”

இதைவிட நன்றாக நான் எதுவும் எழுதியதில்லை. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “கிறிஸ்மஸ் வருது, திருவருகைக் காலத்துல நல்லதா நாலு பாட்டுக் கேளேன்ளா. வீட்ட விட்டுப் போறவ பாட்டு நமக்கு எதுக்கு?” என்றாள்.

டிசம்பர் 10, புதன்

அரையாண்டுத் தேர்வு தொடங்கியது. மலர் அச்சகத்துக்குப் போய்விட்டது. இனி யாரும் எதையும் வெட்ட முடியாது.

டிசம்பர் 13, சனி

எழுதவே கை வரவில்லை.

கணக்கு படிக்க வகுப்புத் தோழி ஷெர்லின் வீட்டுக்குப் போனேன். அவளிடம் பணம் கட்டிப் பாட்டுக் கேட்கும் ஆப் இருக்கிறது. நான்தான் ஆசையாக, “நிலாந்தினியப் போடு” என்றேன். போட்டாள். ‘மூட்டை’ ஒலித்தது.

“முதல்லருந்து போடு.”

“இதாம்ளா மொதப் பாட்டு.”

“இல்ல, அது கடைசிப் பாட்டு.”

“நீயே பாரு.” போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். 1. மூட்டை. 2. சாவி. 3. கதவு. கடைசியில், 9. அடைமழை.

ஆப்தான் தப்பு என்று சண்டை போட்டேன். என் வரிசையைச் சொல்லச் சொன்னாள். ஒப்பித்தேன்: அடைமழை, ஆறாம் மாடி, இருட்டில் தைத்தது, ஈரத் துணி, உலை, எதிர்வீடு, கதவு, சாவி, மூட்டை.

ஷெர்லின் கட்டிலில் விழுந்து சிரித்தாள். “அ, ஆ, இ, ஈ... ஏளா, இது அகராதில்லா! ஒன்ன மாதிரியே!”

பென் டிரைவ் அகரவரிசையில் பாடியிருக்கிறது. ஆறு மாதம். தமிழில் தொண்ணூற்றெட்டு வாங்கும் எனக்கு இது தெரியவில்லை!

அவள் வீட்டைவிட்டு வெளியேறவே இல்லை. மூட்டையோடு புது வீட்டுக்கு வருகிறாள், சாவி வாங்குகிறாள், கதவைத் திறக்கிறாள். கடைசியில் வெளியே அடைமழை, இவள் உள்ளே இருக்கிறாள். நான் முழுக்கதையையும் தலைகீழாக எழுதி, அதற்கு மேதைமை என்று பெயரும் வைத்து, அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

டிசம்பர் 15, திங்கள்

மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். மிஸ் விடைத்தாள் கட்டிலிருந்து நிமிரவே இல்லை.

“அதனால என்னம்மா? யாரு அதைக் கேட்டுப் பாத்துச் சரிபாக்கப் போறா? விடு.”

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை! சரியாக எழுதினாலும் தப்பாக எழுதினாலும் ஒன்றுதான் என்றால் எனக்கு எதற்கு ஒரு பக்கம்? அதில் ஏதாவது கோலமாவு விளம்பரம் போட்டுட்டுப் போக வேண்டியதுதான? நான் நகராமல் நின்றதைப் பார்த்து, “வேணும்னா நீயே அச்சகத்துல போய்க் கேளு,” என்றார்.

டிசம்பர் 16, செவ்வாய்

போகவில்லை. யாருக்கு என்ன?

டிசம்பர் 17, புதன்

போனேன். வேதியியல் தேர்வு முடிந்து நேராக, சீருடையோடு.

அச்சகத்தில் கணினி முன்னால் ஓர் அக்கா இருந்தார். பெயர் சந்தனமாரி. என் பெயரைச் சொன்னதும், “நீதான் ஸ்டெபியா? ஒன் பக்கத்த நான்தான் டைப் அடிச்சேன்,” என்றார். அப்போதுதான் கவனித்தேன். மேசை ஸ்பீக்கரில் ‘ஈரத் துணி’ ஓடிக்கொண்டிருந்தது. இங்கே, இந்த மை வாசனைக்குள்.

“நீ எழுதுன மாதிரியே மழைய மொதல்ல, மூட்டையக் கடைசியில போட்டிருக்கேன், பாரு. நெட்ல எல்லாத்தையும் மாத்தி வச்சிருக்கான், மடையன்.”

“அவன் மாத்தலக்கா. நான்தான் தப்பு.” பென் டிரைவ் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அப்ப அவ போகலையா?”

“இல்லக்கா. வாரா.”

“அப்பாடா. நேத்து கடைசிப் பாட்டக் கேட்டுட்டு வீடு போய்ச் சேருற வரைக்கும் மனசே சரியில்ல.” என் பக்கத்தைத் திரையில் திறந்து விரலால் எண்ணினார். “இந்தப் பத்தி பதினோரு வரி. அதுக்குள்ள அடங்குற மாதிரி வேற எழுதித் தா. நாளைக்குத்தான் மிஷின்ல ஏத்துவாங்க.”

வீணாய்ப் போன அச்சுத்தாள் ஒன்றை, வெற்றுப் பக்கம் மேலே தெரியக் கொடுத்தார். முக்காலியில் உட்கார்ந்து, “மூட்டையோடு வருகிறாள்” என்று எழுதினேன். அடுத்த வரி ஓடவில்லை. இதற்குள் அக்கா பாட்டை நிறுத்தி, பட்டியலை மாற்றி, ‘மூட்டை’யை முதலில் வைத்துவிட்டிருந்தார்.

“பேனாவ வை பிள்ள. மொதல்ல ஒழுங்காக் கேப்போம்.”

வைத்தேன். அக்கா சத்தத்தைக் கூட்டினார்.