வான்வாய்க்கு ஒரு ஷட்டர்

மார்ச் 9

எங்கள் கட்டட வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போட வேண்டுமாம். “எப்பப் பாத்தாலும் படிச்சிக்கிட்டே இருக்கியே, நீயே எழுது” என்றார் அப்பா. நன்றாகச் சாப்பிடுகிறவளைச் சமையல்கட்டுக்கு அனுப்புவதுபோல.

அட்டையில் தாத்தா. முதல் பாதியில் தாத்தாவின் கட்டடங்கள். மறுபாதியில் அப்பா கட்டிய தாத்தாவின் கட்டடங்கள்.

எல்லாவற்றுக்கும் பொது, வான்வாய். படிக்கட்டுக்கு நேர் மேலே, கூரையில் நீளமாக ஒரு திறப்பு. கண்ணாடி கிடையாது, கம்பி மட்டும். வெயிலும் நிலவும் மழையும் விருந்தாளிகளாக வீட்டுக்குள் வர வேண்டும் என்பது தாத்தாவின் கொள்கை. பெயரும் அவர் சூட்டியதே. இதே அலுவலகத்தில் கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் கணக்குப் போட்டே தலை நரைத்த அத்தை, அதை ஓட்டை என்பாள்.

எங்கள் வீட்டிலும் உண்டு. விருந்தாளி வரும்போது அம்மா நீலத் தொட்டி வைப்பாள்.

மார்ச் 15

போட்டோக்காரருடன் பழைய கட்டடங்களைப் பார்த்துவரக் கிளம்பினேன். அச்சகத்தின் வான்வாயில் தார்ப்பாய். தையல்காரர் வீட்டில் தகரம். நூலகத்தில் ஒரு பழைய விளம்பரத் தட்டியைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள்; படி ஏறுகிறவர்களுக்கு மேலிருந்து ஒரு குண்டுக் குழந்தை பிஸ்கட் நீட்டுகிறது. உலக இலக்கியத்துக்குள் நுழைய இதைவிட நல்ல வரவேற்பு இருக்க முடியாது.

தையல்காரரின் மனைவியிடம், ஏன் மூடினீர்கள் என்று கேட்டேன்.

“மூடாம? உங்க தாத்தா வந்து துடைப்பாரா?”

அப்பா படங்களைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. பிறகு சொன்னார்: “கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாம்.”

குழந்தையையுமா?

மார்ச் 28

பல் டாக்டரம்மாவின் வீடு. நான் தனியாக வரைந்து, சுவர் மட்டம்வரை எழும்பிவிட்ட முதல் வீடு. அடுத்து கூரை. படிக்கட்டுக்கு மேலே என்ன வரும் என்று அந்த அம்மா இன்று அண்ணாந்து பார்த்துக் கேட்டுவிட்டார்.

“நாள் முழுக்க ‘வாயைத் திறங்க, வாயைத் திறங்க’ன்னு சொல்றவ நான். வீட்டுக்கு வந்தா வீடும் திறந்துக்கிட்டு நிக்கணுமா? எனக்கு இது வேணாம்மா.”

அப்பாவிடம் சொன்னேன்.

“வான்வாய் இல்லாத வீட்டுக்கு நம்ம பேர் கிடையாது. வேணும்னா தனியா போர்டு மாட்டிக்கிட்டு உன் பேர்லயே கட்டிக்கோ.”

எழுந்து போய்விட்டார். பெத்த பொண்ணுகிட்ட பேசற பேச்சா இது? எதிர்ச்சுவரில் தாத்தா படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கென்ன, சட்டத்துக்குக் கண்ணாடி போட்டிருக்கிறது.

ஏப்ரல் 19

கூரை வேலை அப்படியே நிற்கிறது. மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். அப்பா என்னிடம் அம்மா வழியாகப் பேசுகிறார். அம்மாவுக்குக் கட்டடக்கலை நன்றாகப் பழகிவிட்டது.

மே 30

மளிகைக்கடையில் நிற்கும்போது கடைக்காரர் வெயிலுக்காக ஷட்டரைப் பாதி இறக்கினார். அப்படியே நின்றுவிட்டேன். அவர் இரண்டு முறை “என்னம்மா வேணும்?” என்று கேட்டார்.

அதேதான் வேணும்.

ஜூன் 2

அத்தையிடம் காட்டினேன்: வான்வாய் இருக்கும். அதன்மேல் தண்டவாளத்தில் ஓடும் ஒரு தகடு. கீழே நின்று சங்கிலியை இழுத்தால் மூடும், மறுபக்கம் இழுத்தால் திறக்கும். அத்தை கணக்குப் போட்டாள், இரண்டு இடத்தில் என்னைத் திட்டினாள், சரி என்றாள். டாக்டரும், “சங்கிலி என் கையிலதானே? அப்ப சரி” என்றார்.

அப்பா வரைபடத்தைக் கையில் வாங்காமலே பார்த்தார்.

“வீடா, பெட்டிக்கடையா?”

“ஓட்டை இருக்கா? இருக்கு” என்றாள் அத்தை. “அதுக்குக் கதவு வைக்காதேன்னு நம்மப்பா எங்கயாவது சொன்னாராண்ணா?”

அப்பா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். “சாவி கொடுக்கறதுக்கு முன்னாடி நான் படுத்துப் பாப்பேன். எனக்குப் பிடிக்கலைன்னா பேர் கிடையாது.”

இது தாத்தா காலத்து வழக்கம். எந்த வீட்டையும் ஒப்படைக்கும் முன் நிறுவனத்தின் தலைவர் அதில் ஒரு இரவு தூங்கிப் பார்ப்பார். புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறேன், கொஞ்சம் மிகையான உருக்கத்துடன்.

ஜூன் 3

அத்தை அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“பெயின்ட் காயணும்னு எல்லா வீட்டையும் கோடையிலதான்டி முடிப்பாங்க. மழையில ஒருத்தராவது படுத்திருக்காங்களான்னு கேளு.”

ஐம்பது வருடம்! மழையைப் பற்றி இவ்வளவு பேசிய குடும்பம், ஒப்படைத்த ஒரு வீட்டிலும் மழையைச் சந்தித்ததில்லை.

நாங்கள் சண்டை போட்டுத் தாமதமானதால், டாக்டர் வீடு மழைக்காலத்தில்தான் முடியும். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 17

அப்பா பாயும் தலையணையுமாகக் கிளம்பினார். “அந்தத் தகரத்தை நான் தொடக்கூட மாட்டேன்” என்று வாசலில் நின்று அறிவித்தார். வானம் கறுத்திருந்தது. அம்மா குடையை நீட்டினாள். வாங்கவில்லை.

அக்டோபர் 18

இரவெல்லாம் கொட்டித் தீர்த்தது. காலையில் ஓடினேன். அப்பா கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். பாய் ஈரம். மேலே வான்வாய் மூடியிருந்தது.

“காத்துல தானா மூடிக்கிச்சு” என்றார்.

சங்கிலி கொக்கியில் மூன்று சுற்றுச் சுற்றி, முனை செருகியிருந்தது. காற்றுக்கு நல்ல கைவேலை தெரியும்.

“ஆமாப்பா, நல்ல காத்து” என்றேன்.

நவம்பர் 2

புத்தகம் அச்சுக்குப் போனது. கடைசிப் பக்கத்தில் டாக்டர் வீடு, நிறுவனத்தின் பெயரோடு. தார்ப்பாய், தகரம், பிஸ்கட் குழந்தை எதையும் அழிக்கவில்லை. அப்பா ஒரே ஒரு திருத்தம் செய்தார்: “மூடி” என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் “பிற்காலச் சேர்க்கை”.

நவம்பர் 9

ஷட்டர்காரரின் எண்ணை அப்பா கேட்டார். “ஒரு கிளையண்டுக்கு” என்றார், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மா படிக்கட்டிலிருந்த நீலத் தொட்டியை எடுத்துப்போய்த் துணி ஊறவைத்தாள்.