பிள்ளைத்தாய்ச்சி வைத்த வெற்றிலை

இன்று காலை உன் மாமியார் வெற்றிலைத் தட்டோடு என் வாசலுக்கு வந்தாள். இளைய மருமகளுக்கு மாதம் நெருங்கிவிட்டதாம். அந்தக் காரவாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு உன் முகம்தான் கண்ணில் வந்து நின்றது.

மலையாளத்து மகாராஜா சீமையை விட்டு, மலையிறங்கி, இந்த வெள்ளைக்காரன் சீமைக்கு நாங்கள் வந்தோம். அணை வேலைக்குச் சுண்ணாம்பு சுடுகிற இடத்தில் என் புருஷனுக்கு உடனே வேலை கிடைத்தது. எனக்கு? எத்தனையோ பிள்ளைகளை ஏந்திய கை இது. இதற்குக் கல் சுமக்கிற கூலிதான் இருக்கிறது என்றார்கள். பிரசவம் பார்ப்பேன் என்று இந்தக் கம்பம் ஊரில் வீடு வீடாய்ச் சொன்னேன். "மலையாளத்துக்காரி தொட்டா தொப்புள்கொடிய மந்திரத்துக்குக் கொண்டுபோயிருவா" என்று கதவைச் சாத்தினார்கள். மந்திரம் தெரிந்தவள் ஏன் கல் சுமக்கிறாள், சொல்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முல்லையாற்றுத் துறையில் ஒருநாள், பிள்ளைச்சுமையில் வலித்து நின்ற உன் இடுப்பை நீவிவிட்டேன். அவ்வளவுதான் நம் பழக்கம். இங்கே மருத்துவச்சியைப் பிரசவத்துக்கு அழைக்க வெற்றிலை வைப்பது வீட்டுப் பெரியவர்கள். பிள்ளை பெறுகிறவள் அதில் வாய் திறக்கக்கூடாது. வெற்றிலை வராத வீட்டுப் படியை நானும் மிதிக்க முடியாது.

நீயோ நிறைவயிற்றோடு, உச்சிவெயிலில், தட்டை நீயே ஏந்தித் தெரு முழுக்க நடந்து வந்தாய். பின்னாலேயே உன் மாமியார்.

"ஏ ஆத்தா, மானத்த வாங்காதடி! ஊரே பாக்குது!"

"பாக்கட்டும். நோகப்போறது என் இடுப்பு. நீங்களா பெக்கப் போறீக?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். "எடுத்துக்கக்கா. எனக்கு உன் கைதான் வேணும்."

அழுதுகொண்டேதான் வாங்கினேன். பிள்ளை பிறந்ததும், என் கையையே முறைத்துக்கொண்டிருந்த உன் மாமியாரிடம் கொடியைக் கொடுத்து, "நீங்களே புதைங்க" என்றேன். நீ அந்த வலியிலும் சிரித்தாய். அப்புறம் ஒவ்வொரு வீடாய் என்னைக் கூப்பிட்டார்கள்.

போன மழைக்கு வந்த மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அதன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

காலையில் வந்த தட்டைத் திருப்பிவிட்டேன். "புள்ளத்தாச்சி கையால வரணும்."

"இன்னுமா இந்த வீம்பு?"

"ஆமா. உங்க மூத்த மருமக எனக்குக் கொடுத்த வீம்பு. சாகுறவரைக்கும் விடமாட்டேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனாள். மத்தியானம் அந்தப் பெண் தட்டை ஏந்தித் தெருவில் வந்தாள். அவள் தலைக்கு வெயில் படாமல் முந்தானையை விரித்துப் பிடித்தபடி, உன் மாமியார் கூடவே நடந்து வந்தாள்.